சுவரில் ஒரு கதவு

மாலை ஐந்து மணிக்குத் தெருமுனையில் ஒரு தகர டிரம்முக்குள் நெருப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பெல்ஃபாஸ்டின் இந்தக் கத்தோலிக்கத் தெருவை நான்கு வருடமாக இரவும் பகலும் முறைவைத்துக் காத்துநின்ற துப்பாக்கிக்காரர்களை, அந்த டிரம்முக்குப் பக்கத்தில் இன்று காணவில்லை. டிம்ப்னா விலக்கிப் பிடித்திருந்த ஜன்னல் திரையை விட்டாள். வீட்டுக்குள் நிலக்கரிப் புகையும் உருளைக்கிழங்கு வேகும் வாசனையும் கலந்திருந்தன. மாடியில் அவள் கணவன் மலக்கியின் குறட்டை மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சமையலறையில் ஃபெர்கஸ் டீ குடித்துக்கொண்டிருந்தான். தெருவின் துப்பாக்கிக்காரர்களுக்கு அவன்தான் தலைவன். அழைக்காமல் வந்திருந்தான்.

"இன்னும் தூங்குறானா?"

"ராத்திரி ஷிப்ட். ஏழுக்குத்தான் எழுந்திருப்பான். முனையில ஆளக் காணோமே, ஃபெர்கஸ்?"

"குளிருதுல்ல. வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன்."

"நாலு வருஷமா குளிரலையா?"

"புருஷனுக்கு ஏத்த வாய்தான் உனக்கு," என்று சிரித்தான்.

அவள் கை கரண்டியோடு நின்றது. போன சனிக்கிழமை கிளப்பில் எல்லார் முன்னாலும் மலக்கி ஃபெர்கஸிடம் கேட்டிருந்தான்: "அந்தப் பக்கத்துத் துப்பாக்கிக்காரனோட கார்ல உக்காந்து என்னடா பேசிக்கிட்டிருந்த?" எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் ஃபெர்கஸ்.

தெருவில் எல்லோருக்கும் மலக்கியைப் பிடிக்கும். இந்தப் பக்கத்துக்காரன் எவனும் அவனைத் தொட முடியாது.

இந்தப் பக்கத்துக்காரன்.

கொல்லைக்குப் பின்னால் இரும்புச் சுவர். அதற்கு அப்பால் இந்தத் தெருவின் பகையாளிகளான புராட்டஸ்டண்டுகள். சுவரில் ஒரு கதவு உண்டு; அது திறந்து யாரும் பார்த்ததில்லை. பூட்டு இந்தப் பக்கம். சாவி ஃபெர்கஸிடம்.

வெளியே இரும்பு மெல்ல உரசியது.

பிறகு காலடிகள். அவசரமில்லாத காலடிகள். இரண்டு பேர்.

அவள் மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். ஃபெர்கஸின் கை அவள் மணிக்கட்டின் மேல் விழுந்தது. சூடான கை.

"உக்காரு, டிம்ப்னா. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. பேசி வச்சிருக்கேன்."

பின்கதவு திறந்தது. குளிர். ஈரக் கம்பளியின் வாடை. முகமூடிகள். ஃபெர்கஸ் அவர்களுக்குத் தலையசைத்தான், அவர்களும் தலையசைத்தார்கள்.

ஓடு என்று கத்த நினைத்தாள். ஜன்னல் வழியாகக் குதி என்று. வாயில் வந்தது பெயர் மட்டும்.

"மலக்கி!"

குறட்டை நின்றது. கட்டில் முனகியது.

"வந்துட்டேன்மா," என்றான் தூக்கக் குரலில். "எதுக்கு இப்படிக் கத்துற?"

ஃபெர்கஸின் உள்ளங்கை அவள் வாயை மூடியது. முகமூடிக்காரர்கள் மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் நகர்ந்து நின்றார்கள்.

மேல்படியில் ஒரு வெறுங்கால்.

அடுத்த படியில் இன்னொன்று.