முன்சக்கரத்துக் கல்

கல் சக்கரத்தை விட்டு ஒரு கையளவு விலகிக் கிடந்தது.

தங்கமுத்து குனிந்து பார்த்தார். மதியம் வண்டியை நிறுத்தியதும் அவரே தேடி எடுத்து வந்து, முன்சக்கரத்துக்கு அடியில் இடித்து இடித்து இறுக்கிய கல் அது. வண்டி நகர்ந்தால் இன்னும் இறுகுமே ஒழிய, விலகுவதற்கு வழி இல்லை. ஆடு ஏதாவது வந்து முட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அதை மறுபடி உள்ளே தள்ளி, செருப்புக் காலால் ஓங்கி நாலு உதை விட்டார். சுற்றிப் பார்த்தார். ஆடும் இல்லை, ஆட்டுப் புழுக்கையும் இல்லை.

மிலிட்டரியில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்த ஜீப். சேலத்து சித்தார்த் அதை எடுத்து, நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையில் போட்டு, நாலு சக்கரமும் இழுக்கும்படி சரிசெய்து வைத்திருந்தார். லீவு கிடைத்தால் போதும், இன்னும் இரண்டு மூன்று பேரோடு பாதை இல்லாத இடமாகப் பார்த்துப் போய்க் கூடாரம் அடிப்பார். இந்த முறை நாமகிரிப்பேட்டை தாண்டி, மஞ்சள் காடும் குச்சிக்கிழங்குக் காடும் முடிந்து, போதமலை அடிவாரத்து ஓடைக்கரை. லாரி ஓட்டி ஓய்ந்த தங்கமுத்து ஜீப்புக்கு டிரைவர்.

பேட்டரி சோர்ந்துபோன வண்டியை டிரைவர்கள் சரிவில்தான் நிறுத்துவார்கள். காலையில் உருட்டிவிட்டால் தானாகக் கிளம்பிவிடும். தங்கமுத்துவும் அப்படித்தான் நிறுத்தினார். இரண்டு பக்கமும் ஆள் உயரப் பாறை, நடுவில் வண்டி அளவுக்குச் சரிவு, கீழே கொஞ்சம் சமதரை. அங்கே மட்டும்தான் கல் இல்லாத மண் என்பதால் கூடாரத்தையும் அங்கேயே அடித்தார்கள். ஹேண்ட்பிரேக் அரைகுறை, கியர் போட்டு நிறுத்தினாலும் லிவர் நழுவி வந்துவிடும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

சித்தார்த்தின் மனைவி அகல்யா அதைச் சொல்லித்தான் சிரித்தாள். "அண்ணனுக்கும் வண்டிக்கும் ஒரே வயசுங்க. ரெண்டுக்கும் பிரேக் கெடையாது."

"கல்லு போட்டிருக்குதுங்கம்மா. நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்றார் தங்கமுத்து.

பொழுது சாயும் நேரத்தில் போன் வந்தது. பின்னால் வந்த நண்பர்களின் ஜீப் ஓடை மணலில் புதைந்துவிட்டது, இழுக்கும்போது கயிறு அறுந்து ஒருவர் கையைக் கிழித்துவிட்டது. அகல்யா டாக்டர். மருந்துப் பையோடு அவளும், மண்வெட்டியோடு சித்தார்த்தும் நடந்தே கிளம்பினார்கள். மகள் இலக்கியா பகலெல்லாம் ஆடிய அசதியில் கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அகல்யா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தபடி போனாள்.

அவர்களுடைய பேச்சுச் சத்தம் ஓடை வளைவில் அடங்கியது. அடுப்பில் கருவேல விறகு நீறுபூத்துக் கிடந்தது. காய்ந்த புல்லின் வாசனையோடு மலையிலிருந்து குளிர்ந்த மண் வாசனை ஒன்று இறங்கி வந்தது, புதிதாகத் தோண்டிய குழியில் எழுமே, அந்த வாசனை. தங்கமுத்துவுக்குத் தனியாக இருப்பது புதிதில்லை. பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு லாரி கேபின்தான் வீடு என்று இருந்தவர். ஆனாலும் கேபினில் இருந்தால் பின்னால் யாராவது இருப்பார்கள். பாரம் ஏற்றிய வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது டிரைவருக்கு ஒன்றும் தெரியாது, பின்னால் நிற்கிறவன் பாடியில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம். கண்ணை நம்பாமல் அந்தக் கையை நம்பி ஓட்டிய கால்கள் அவருடையவை. லாரியை விட்டு இறங்கிய பிறகு அவருக்காகத் தட்ட யாரும் இல்லை.

சிறுநீர் கழிக்கப் பாறைக்குப் பின்னால் போனபோதுதான் அந்தக் கல்குவியலைச் சரியாகப் பார்த்தார். மதியம் அவசரத்தில் அங்கிருந்துதான் கல்லை எடுத்தார். டிரைவர் கண்ணுக்குக் கல் என்றால் சக்கரத்துக்கு முட்டு, அவ்வளவுதான். இப்போது பார்க்கையில் குவியல் நீளவாக்கில் இருந்தது. அவருடைய இடுப்பளவு நீளம்கூட இல்லை. தலைமாட்டில் மட்டும் கல் இல்லாமல் மண் தெரிந்தது.

சின்னக் குழந்தைகளை எரிக்க மாட்டார்கள். புதைத்துவிட்டு, நாய் நரி தோண்டாமல் இருக்க மேலே கல் அடுக்குவார்கள். அது அவருக்குத் தெரியாததா?

தலைமாட்டு மண் ஈரமாக, உள்வாங்கி இருந்தது.

வேறு கல் பார்த்துப் போட்டுவிட்டு இதைத் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று அவர் திரும்பினார். அப்போது சரிவில் ஏதோ உருளும் சத்தம். இரும்பு லேசாக முனகியது. ஜீப் நகர்ந்துகொண்டிருந்தது.

எப்படி ஓடினார் என்பது தெரியவில்லை. ஏறி விழுந்து பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. கீழே கூடாரம், அதன் கயிறு, அதற்குள் பிள்ளை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், தளர்ந்த கம்பி கையோடு வந்தது. கியரைப் போட்டார், நழுவியது. மறுபடி போட்டார், நழுவியது. சாவியைத் திருப்பினார். கிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. போன் அடுப்புப் பக்கத்தில் கிடந்தது. இறங்க முடியாது.

பிரேக்கும் பழசு. மிதித்த மிதி நிற்காமல் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். அடிவரைக்கும் போனால் காலை எடுத்து மறுபடி மிதிக்க வேண்டும். எடுக்கும் அந்த நொடியில் வண்டி ஒரு விரற்கடை முன்னால் போகும்.

எடுத்தார். மிதித்தார். ஒரு விரற்கடை.

டப்.

பின்பக்கத் தகட்டில் ஒரு தட்டு. அவருக்கு உயிர் வந்தது. "ஏனுங்க, வந்துட்டீங்களா? ஒரு கல்லெடுத்துப் போடுங்க, சீக்கிரம்."

மிதியில் வைத்த காலை எடுக்காமல் கழுத்தை மட்டும் பின்னால் திருப்பினார்.

டப். இப்போது பக்கவாட்டில். தகட்டின் கீழ் விளிம்பில். பெரிய ஆள் கை தட்டும் உயரமில்லை அது. குனிந்து யாரும் தட்ட மாட்டார்கள். ஈரக் கை படுகிற சத்தம். பிறகு அந்தக் கை தகட்டைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தது.

அவர் விளக்கைப் போட்டார். மஞ்சளாக, அழுகின வெளிச்சம். கூடாரம் தெரிந்தது. பாறை இடுக்கு வழியாகக் குவியல் தெரிந்தது. அதன் தலைமாட்டில் கல் இருந்தது. டயர் தேய்ந்த கருப்புக் கறையோடு அவர் எடுத்த அதே கல்.

"பாப்பா" என்று கூப்பிட்டார். சத்தத்தைக் கூட்டி மறுபடி கூப்பிட்டார். "இலக்கியா, எந்திரிச்சு வெளிய வா சாமி. அந்தப் பாற மேல ஏறி நின்னுக்க. தாத்தன் சொல்றேன், வா சாமி."

கூடாரத்தின் ஜிப் மெல்லத் திறந்தது. தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு பிள்ளை வெளியே வந்தாள். தூக்கக் கலக்கம். வெளிச்சத்தைக் கடந்து நடந்துபோய்ப் பாறை மேல் ஏறி, அவரைப் பார்த்து நின்றாள்.

அப்பாடா. இனி வண்டி போனால் போகட்டும். கூடாரத் துணிதானே, நசுங்கட்டும். தங்கமுத்துவுக்கு அழுகை வந்தது. காலைத் தளர்த்தப் போனார்.

மதியம் அந்தப் பாறையில் ஏற்றிவிடச் சொல்லி அவள் அடம்பிடித்தது நினைவுக்கு வந்தது. எட்டவில்லை என்று அவர்தான் தூக்கிவிட்டார்.

இப்போது யாரும் தூக்கிவிடவில்லை.

பழக்கம் விடாது. வண்டியை எடுக்கும் முன் டிரைவர் வெளியே எட்டிச் சக்கரத்தைப் பார்ப்பான். அவரும் எட்டிப் பார்த்தார்.

முன்சக்கரத்துக்கு அடியில், கல் இருந்த இடத்தில், மஞ்சள் கம்பளிக் குல்லா. இலக்கியா. முழங்காலைக் கட்டிக்கொண்டு, டயரில் கன்னத்தை வைத்துச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு ஓடியது. குல்லாவின் நுனி ஏற்கெனவே டயருக்கு அடியில் போயிருந்தது.

"பாப்பா. எந்திரி சாமி. பாப்பா."

அவள் எழவில்லை.

பிரேக் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு காலையும் வைத்து அழுத்தினார். இறங்கியது. ஓடை வளைவுக்கு அப்பால், டார்ச் வெளிச்சம் ஒன்று குழந்தையின் பெயரைச் சொல்லிக்கொண்டே மேலே வந்தது. வெகுதூரத்தில்.

மிதி அடிவரைக்கும் போய், பாதத்துக்குக் கீழே தரைத்தகடு தட்டுப்பட்டது.

பாறை மேல் நின்றது போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டியது. மண் உதிர்ந்தது. குனிந்து, பாறையில் தட்டியது.

டப்.

ஒரு தட்டு என்றால் நில். அவர் இரண்டாவது தட்டு வேண்டாம் என்று வேண்டினார். அவருடைய கால் அந்த இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தது.