ரினி கழுவிய பாதிக் கார்

அற்புதராணி டூட்டி முடிந்து வந்தால், வீட்டுக்குள் முதலில் நுழைவது அவர் சத்தம்தான். அன்றைக்குச் சத்தமே இல்லை. நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் ரினி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தலைவலியாம்மா?"

"இல்ல மக்கா."

வளைகுடாவில் இருக்கும் ஈசா டவுனில் ஒரு சின்னக் கிளினிக்கில் அம்மாவுக்கு வேலை. போன மாதம் அங்கே அருள்ராஜ் என்று ஒரு புது நர்ஸ் சேர்ந்திருந்தார். எந்த மருந்து எங்கே இருக்கிறது, ஊசிக்குப் பயந்து அலறுகிறவரை எப்படிச் சமாளிப்பது, எல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அம்மாதான். இன்றைக்குச் சாப்பிடும்போது அந்த வெள்ளந்தி மனிதர் தன் சம்பளத்தைச் சொல்லிவிட்டார். அடேயப்பா, அம்மாவைவிட நாற்பது தினார் அதிகம்!

"மேனேஜர்ட்ட கேட்டேன். அருள்ராஜ் ஆம்பளையாம், குடும்பத்தைக் காப்பாத்தணுமாம். எனக்குத்தான் வீட்டுக்காரர் சம்பாதிக்காராம்ல." என்றார் அம்மா.

அப்பா செல்வசிங் துள்ளிக் குதித்தார். "இது என்ன அநியாயம்! ஒரே வேலைக்கு ரெண்டு சம்பளமா? கேக்க ஆளில்லன்னு நெனச்சாரா?"

"மெதுவாப் பேசுங்க. வேலை போனா விசாவும் போச்சு."

அப்பா மறுபடி உட்கார்ந்துவிட்டார். அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அங்கே வார விடுமுறையும் சர்ச் ஆராதனையும் அன்றைக்குத்தான். சர்ச்சுக்குப் போகும் முன் காரைக் கழுவுவது ரினிக்கும் அண்ணன் விபினுக்கும் வாராவார வேலை. முந்தின நாள் அடித்த புழுதிக்காற்றில் வெள்ளைக் கார் பழுப்பாகிக் கிடந்தது. வலது பக்கம் அண்ணனுக்கு, இடது பக்கம் ரினிக்கு. அப்பா கூலியை முதலிலேயே கொடுத்துவிடுவார். விபினுக்கு அரை தினார் நோட்டு, அதாவது ஐந்நூறு ஃபில்ஸ். ரினிக்கு இரண்டு நூறு ஃபில்ஸ் காசு.

எப்போதும் வாங்கிக்கொண்டு ஓடுகிறவள் இன்று நகரவில்லை.

"அப்பா, அண்ணனுக்கு மட்டும் ஏன் கூட?"

"அவன் ஆம்பளப் பய. நாலு எடத்துக்குப் போவான். கையில காசு வேணும்லா?"

"அண்ணன் எந்தக் குடும்பத்தக் காப்பாத்தப் போறான்?"

விபின் களுக்கென்று சிரித்தான். அப்பா காதில் விழாதது போலச் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார்.

ரினிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முன்கதவை மட்டும் துடைத்தாள். துணியைப் பிழிந்து காயப்போட்டாள்.

"ஏட்டி, பின்கதவு?" என்றான் விபின்.

"என் கூலிக்கு இவ்வளவுதான். கலாஸ், முடிஞ்சுது!"

அப்பா வந்து பார்க்கும்போது ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. வேறு வழி? அப்படியே கிளம்பினார்கள். சர்ச் வாசலில் கூட்டமே கூடிவிட்டது. காரின் ஒரு பக்கம் முகம் பார்க்கலாம், மறுபக்கம் முன்கதவைத் தவிர மண்மேடு.

"என்ன செல்வசிங், தண்ணி தீந்துபோச்சா?" என்றார் ஜெயமணி மாமா.

"இவளுக்குக் கூலி பத்தலயாம்."

"அப்போ பயலுக்கு எவ்வளவு குடுத்த?"

அப்பா கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார்.

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவரின் கண்கள் கலங்கிவிட்டன. திரும்பி வரும்போது காருக்குள் ரினியின் தலையைத் தடவினார்.

"நீ கெட்டிக்காரி மக்கா. என்னால அப்படி முடியாதே. பாதிப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுட்டு, என் சம்பளத்துக்கு இவ்வளவுதான்னு வர முடியுமா?"

சிக்னலில் கார் நின்றபோது, அப்பா சட்டைப் பையிலிருந்து இன்னும் மூன்று நூறு ஃபில்ஸ் காசை எடுத்துப் பின்னால் நீட்டினார்.

"தப்பு எம்மேலதான். இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே கூலி."

ரினி வாங்கிக்கொண்டாள். "அம்மாவுக்கு?"

அம்மாதான் பேசினார்.

"நாளைக்கு மறுபடியும் கேக்கேன்."

"முடியாதுன்னுட்டா?"

"அடுத்த மாசமும் கேப்பேன். பயமாத்தான் இருக்கு. ஆனாலும் கேப்பேன்."

"நானும் கூட வாரேன் ராணி," என்றார் அப்பா.

"வாரதுன்னா முழுசாக் கழுவின கார்ல வாங்க."

மேனேஜர் என்ன சொல்வாரோ, யாருக்குத் தெரியும்? ஆனால் வீட்டுக்கு வந்ததும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரினி விட்ட பாதியைத் தானே கழுவினார். கூலி கேட்கவில்லை.