அவசரம் என்று எழுதியவள்

'அந்தப் படகோட வெள்ளைப் பாய் இன்னும் தெரியலையே... நான் எழுதின ஒரு வார்த்தையை நம்பியா அவர் போனார்?'

சுப்ரியா ஜன்னல் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள். விழிஞ்ஞம் துறைமுகத்தின் கிரேன்களைக்கூட மழை விழுங்கிவிட்டிருந்தது.

சுவரில் இரண்டு வரிசை ஆணிகள். மேலே கரை, கீழே கடல். படகு எடுக்கும் மெம்பர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கீழ் வரிசையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பியதும் மேலே மாற்ற வேண்டும். மற்ற எல்லா வில்லைகளும் மேலே இருந்தன. பதினான்காம் எண் வில்லை மட்டும் கீழே, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது...

பதினான்கு, அனூபின் எண். இன்று காலையில்தான் அவனை முதன்முதலாகப் பார்த்தாள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவராகத்துச் சித்தப்பா வீட்டுக்கு அவள் வந்து மூன்று மாதம். இந்தப் பாய்ப்படகு கிளப்பின் ஆபீஸில் சேர்ந்து ஒன்பது நாள். மெம்பர்களுக்கான நோட்டீஸை எழுத்துக்கூட்டிக் கற்ற மலையாளத்தில் எழுதிப் பலகையில் குத்துவது அவள் வேலை. காலையில் குடையை மடக்கியபடி வந்தவன் பலகை முன்னால் நின்று சிரித்தான்.

"கொள்ளாமே, நல்லாருக்கே! எழுத்து மலையாளம், வாசிச்சா தமிழ்!"

"புரிஞ்சுதோல்லியோ? அப்புறம் என்ன?"

"ஐயோ, கோபமா? நானும் ஆரியசாலைத் தமிழனாக்கும். ஆனா தமிழ் வாசிக்கத் தெரியாது, படிச்சதெல்லாம் மலையாளம். இனி எழுதினா எங்கிட்டக் காட்டுங்க, திருத்தித் தரேன்."

"ஒண்ணும் வேண்டாம்."

"பேராவது சொல்லக்கூடாதா?"

"நோட்டீஸ்ல பேர் எழுதற வழக்கமில்லை."

இமையில் மழைத்துளி நிற்க, அந்தக் கண்கள் சிரித்தன... அவள் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மத்தியானம் கிளப் செகரட்டரி போனில் இங்கிலீஷில் வேகவேகமாகச் சொன்னார். மூன்று மணிக்கு மேல் பலத்த காற்று, அர்ஜென்ட், உடனே எழுதிப் போடு. அவள் மலையாள எழுத்தில் எழுதினாள்: "அவசரம்! மூன்று மணிக்கு மேல் நல்ல காற்று." அனூப் கேன்டீனில்தான் இருந்தான். காட்டியிருக்கலாம்... காட்டவில்லை.

நாலு மணிக்கு மீட்புப் படகு ஓட்டும் வேல்சாமி ஓடிவந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டே மோளே! மலையாளத்தில அவசரம்னா வாய்ப்பு! நல்ல காத்து, நல்ல வாய்ப்புன்னு பய பாயை விரிச்சிட்டுப் போயிட்டானே!"

அவர் மோட்டார் படகில் பாய்ந்து ஏறி ஐம்பது நிமிடம் ஆகிறது.

'இது குற்ற உணர்வுதானா?' அப்படியென்றால் அந்த நோட்டீஸைப் பார்த்தல்லவா நடுங்க வேண்டும்? அவள் பதினான்கைப் பார்த்து நடுங்கினாள். வில்லையை எடுத்து மேலே மாட்டிவிடலாமா... மாட்டினால் வந்துவிடுவானா? நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அவன் கைதான் அதை மாற்ற வேண்டும்.

மழைக்குள்ளிருந்து மோட்டார் சத்தம். ஓர் ஆள்... இல்லை, இரண்டு பேர்! பின்னால் பாய்மரம் முறிந்த படகு.

உள்ளே வந்த அனூபின் உதடு நீலம் பாரித்திருந்தது. வில்லையை எடுத்தான். கை நடுக்கத்தில் அது ஆணியில் நிற்கவில்லை. எதையும் யோசிக்காமல் அவள் அவன் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தாள். பதினான்கு மேலே ஏறியது.

"படகு கவிழ்ந்து கெடந்தேன்... அப்பவும் ஒரே நினைப்பு. பேரு தெரியாமலே போறேனேன்னு." மூச்சு வாங்கினான். "காலையில பார்த்து சாயங்காலம் சொல்றேன், கிறுக்கன்னு நினைப்பீங்க. எனக்கு உங்கள இஷ்டமாக்கும்."

"நானும் இங்கே உசுரைக் கையில பிடிச்சுண்டுதான் நின்னேன்..." அவள் இன்னும் அவன் மணிக்கட்டை விடவில்லை.

வாசலில் கார் நின்றது. செகரட்டரி. அனூப் பலகையைப் பார்த்தான்.

"அதைக் கிழிச்சிடுங்க, வேகம்! அவரு பார்த்தா உங்க வேலை போயிடும். நோட்டீஸே வாசிக்காமப் போனேன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

வேலை... சித்தப்பாவின் முகம்... அவள் பேனாவை எடுத்தாள்.

"கடல்ல இறங்காதீங்கன்னு மலையாளத்தில எப்படிச் சொல்றது?"

"இறங்கருது... இப்ப எதுக்கு அது?"

நோட்டீஸில் 'அவசரம்' என்ற சொல்லை அடித்துவிட்டு, அவன் சொன்ன வார்த்தையை எழுத்தெழுத்தாக எழுதினாள். அதற்குக் கீழே தன் பெயர்.

"சு...ப்ரி...யா." அவன் மெல்ல வாசித்தான். படியில் காலடிச் சத்தம். "சுப்ரியா... எனக்காக. கிழிச்சிடுங்க."

குண்டூசியை இன்னும் ஆழமாக அழுத்தினாள்.

"மாட்டேன்," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.