கருப்பம்மாவின் கூடைக் கயிறு

பெரகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். துரை குதிரையில் வந்து போன காலம் அது. அங்கே கொழுந்து பறிக்கும் சிறுமிகளில் யாருக்கு வாய் நீளம் என்று கேட்டால், எல்லாரும் அங்கம்மாவைத்தான் காட்டுவார்கள்.

அன்று அந்த வாயில் அகப்பட்டவள் கருப்பம்மா. அம்மா பிள்ளை பெற்று லயத்து வீட்டில் படுத்திருந்ததால், அம்மாவின் கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தாள். தலையில் கயிறு, முதுகில் கூடை. கொழுந்தைத் தோளுக்கு மேலே வீசினால் பாதி கூடையில் விழுந்தது, பாதி தரையில் விழுந்தது.

“ஏய், பாருங்கடி! கருப்பம்மா கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டே போறா!” என்றாள் அங்கம்மா.

மலையே சிரித்தது. கருப்பம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு அழகையா கங்காணி வந்தார். தரையில் கிடந்த கொழுந்தைப் பார்த்தார்.

“நாளைக்கும் இப்படிச் சிந்தினா, நீ மலைக்கு வர வேணாம்!”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க! அம்மா எந்திரிக்கிற வரைக்கும் நான்தாங்க வேலைக்கு வரணும்.”

அங்கம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் வாயால்தானே கங்காணி வந்தார்!

சாயங்காலம் லயத்துக்கு இறங்கும்போது கருப்பம்மா நொண்டினாள். அவள் முழங்காலுக்குப் பின்பக்கம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

“என்னடி இது?” என்று கேட்டாள் அங்கம்மா.

“கூடை இடிக்குதுக்கா.”

சீ! அங்கம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அது அம்மாவின் உயரத்துக்குக் கட்டிய கயிறு. மகளுக்குக் கூடை எங்கேயோ கீழே தொங்கியது. கண் இருந்தும் இதைப் பார்க்காமல் சிரித்தோமே!

“கயித்த வெட்டிடலாமாடி?”

“ஐயையோ! அம்மா திரும்பி வந்தா வேணுமே.”

“அப்போ முடிச்சுப் போடுவோம்.”

அங்கம்மா கயிற்றின் நடுவில் முடிச்சுப் போட்டாள். கருப்பம்மா மாட்டிப் பார்த்து, “ஆ! மண்டையில குட்டுதுக்கா!” என்று கத்தினாள்.

அங்கம்மா முடிச்சை அவிழ்த்து, கூடையின் விளிம்போரமாக இரண்டு பக்கமும் போட்டாள். தலையில் பழைய துணியை மடித்து வைத்தாள். கூடையின் வாய் இப்போது சரியாகத் தோளுக்குக் கீழே நின்றது.

“கருப்பம்மா, நான் சிரிச்சது தப்புடி” என்றாள் அங்கம்மா. அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கருப்பம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் ஒரு கொழுந்துகூடக் கீழே விழவில்லை. கங்காணிக்கு ஆச்சரியம்.

“அட! யாரு சொல்லிக் குடுத்தா?”

“அங்கம்மா அக்காங்க.”

எல்லாரும் அங்கம்மாவைப் பார்த்தார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது. “நேத்துச் சிரிச்சதும் நான்தாங்க” என்றாள் மெதுவாக.

“ம்ம்… சரி, சரி. நாளைக்கும் வா, கருப்பம்மா” என்று சொல்லிவிட்டுக் கங்காணி நடந்தார்.

அங்கம்மாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பதற்றம் இன்னும் அடங்காமல் அவள் வீசிய கொழுந்து கூடைக்கு வெளியே சிதறியது.

பின்னாலிருந்து கருப்பம்மாவின் குரல் கேட்டது.

“அக்கா, இது யாரு வீட்டுக் கோழிக்கு?”