ஐந்து மணிக் கொட்டாவி

சுயம்பு கொட்டாவி விட்டால் தாராவியில் அந்தச் சந்து முழுவதற்கும் கேட்கும். "ஆ...வ்" என்று மெதுவாகத் தொடங்கி, லோக்கல் ரயில் மாதிரி கூவி, பெருமூச்சில் வந்து நிற்கும். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயடியில் நிற்பவர்கள், "அண்ணாச்சி முழிச்சாச்சு" என்று சிரிப்பார்கள்.

அவர் மகள் சண்முகவடிவுக்குப் பத்து வயது. வீட்டில் வடிவு.

இரண்டு மாதத்துக்கு முன்னால், பை தைக்கும் பட்டறையில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த சுயம்பு அப்படியே சரிந்தார். பக்கவாதம். இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். இடது கைக்குத்தான் அசைவும் இல்லை, தொட்டால் உணர்வும் இல்லை. பகலெல்லாம் அதைத் துணியில் போட்டுக் கழுத்தோடு கட்டி வைத்திருப்பார்கள்.

தூக்கமும் போய்விட்டது. இரவில் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பார். பகலில் கைப்பயிற்சிக்குப் போனால் அங்கே தூங்கி விழுவார்.

மாட்டுங்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷ்யாமளா ஒரு கறுப்பு வாட்சைக் கொடுத்தார். அதில் முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை.

"கை எவ்வளவு அசையறதுன்னு இது குறிச்சுக்கும். அதை வச்சு எவ்வளவு தூங்கறார்னு பார்ப்போம். ஏழு ராத்திரி வலது கையில கட்டுங்கோ. யாராவது நோட்டுலயும் எழுதணும்."

"நான் எழுதுதேன்!" என்றாள் வடிவு.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சிக்கல். சுயம்புவின் வலது மணிக்கட்டில், வடிவின் அம்மா விஜயலட்சுமி பிள்ளையார் கோவிலில் வேண்டிக் கட்டிய காப்புக்கயிறு இருந்தது.

"சாமி கயித்து மேல மிஷினைக் கட்டலாமா? வேண்டாம்ளா" என்று அம்மா வாட்சை இடது கையில் மாட்டிவிட்டாள். வாட்ச் என்றால் இடது கைதானே என்று வடிவும் சும்மா இருந்துவிட்டாள்.

அவள் படிப்பது இந்தி மீடியம். நோட்டில் பாதி இந்தி, பாதி தமிழ், எழுத்துப்பிழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றையும் விடவில்லை. 'பதினொரு மணி, முழிப்பு. இரண்டு மணி, தண்ணி கேட்டார். 5.10, கொட்டாவி.' கடைசி வரியை மட்டும் குழாயடியில் நின்றபடி எழுதுவாள். அதற்குக் காது போதுமே!

எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில், டாக்டர் வாட்சைக் கம்ப்யூட்டரில் செருகிக் காகிதம் எடுத்தார்.

"நன்னா தூங்கியிருக்கேளே சுயம்பு! ஏழு ராத்திரியும் கோடு அலுங்கவே இல்லை."

சுயம்புவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்பம் நான் பொய்யா சொல்லுதேன்? கண்ணு எரிய எரிய முழிச்சுக் கெடக்கேன். போதும் டாக்டரம்மா. இனிமே நான் எக்சர்சைஸுக்கும் வரல." கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வடிவு துள்ளி எழுந்தாள். அப்பா வராவிட்டால் கை என்ன ஆவது?

"இருங்கப்பா" என்று சட்டையைப் பிடித்தாள். "டாக்டர், இந்தக் கோடு என்ன?"

"கை அசைஞ்சா மேடு. அசையலேன்னா சமதரை."

வடிவு குனிந்து பார்த்தாள். ஏழு இரவுகள் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கிடந்தன. எல்லோரும் கண் மூடியிருக்கும் நேரத்தைக் காகிதத்தில் பார்க்க முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை ஓட்டினாள்.

திடீரென்று நிமிர்ந்தாள். "அரே! டாக்டர், நாங்க இடது கையிலல்லா கட்டினோம்! அது எப்பமும் அசையாதே!"

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கயிற்றின் கதையைக் கேட்டு டாக்டர் தலையில் கை வைத்தார். "நீங்க சொன்னதுதான் நிஜம், சுயம்பு. நான்தான் கையைக் கேட்டேன், உங்களைக் கேக்கலை. மன்னிச்சுக்கோங்கோ."

சுயம்பு மெல்ல உட்கார்ந்தார்.

வடிவின் விரல் காகிதத்தை விட்டு அகலவில்லை. "அப்பம் இது?"

ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் கடுகளவு மேடு ஒன்று இருந்தது.

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அஞ்சு மணி சுமாருக்கு யாராவது கையைத் தூக்கி விட்டேளா?"

"இல்லியே, அந்நேரம் நாங்க குழாயடியில நிப்போம்" என்றாள் அம்மா.

வடிவு நோட்டைப் புரட்டினாள். 5.10. 5.12. 5.08. ஏழு மேடும் ஏழு வரியோடு அப்படியே பொருந்தின.

"கொட்டாவி!" என்று கத்தினாள். "டாக்டர், அப்பா கைக்கட்டை அவிழ்த்து விடுங்க."

டாக்டர் துணியை அவிழ்த்துக் கையை மடியில் வைத்தார். வடிவு அப்பாவுக்கு எதிரே நின்று, வாயை ஆவென்று திறந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். அது டாக்டருக்குத் தொற்றியது. அம்மாவுக்குத் தொற்றியது. கடைசியில் சுயம்புவின் கண் மூடியது, வாய் திறந்தது.

"ஆ...வ்!"

மடியில் கிடந்த இடது கை தானாக எழுந்தது. மெதுவாக நெஞ்சு வரை வந்தது. கொட்டாவி முடிந்ததும் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டது.

மூவரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"என்ன, எல்லாரும் இப்பிடிப் பாக்குதீய?" என்றார் சுயம்பு.

"அப்பா, இன்னொரு வாட்டி. கண்ணை மூடாதீங்க."

அடுத்த கொட்டாவியை அவர் கண்ணைத் திறந்துகொண்டே விட்டார். தன் கை ஏறி வருவதைப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"மூளையிலேர்ந்து கைக்கு வர்ற மெயின் ரோடு அடைச்சிருக்கு. கொட்டாவி வேற சந்து வழியா வர்றது" என்றார் டாக்டர். "குணமாயிடுத்துன்னு அர்த்தமில்லை. இப்போதைக்கு நீங்க சொன்னா கை கேக்காது. மெயின் ரோடைத் திறக்கப் பயிற்சி வேணும். பயிற்சிக்குத் தூக்கம் வேணும். அதுக்கு முதல்ல வழி பண்றேன்."

சந்து வழியாகப் போவதைப் பற்றித் தாராவிக்காரருக்கா சொல்லித்தர வேண்டும்? சுயம்பு சிரித்துவிட்டார். "நாளைக்கு எக்சர்சைஸ் எத்தனை மணிக்கு டாக்டரம்மா?"

அம்மா காப்புக்கயிற்றை அவிழ்த்து அவருடைய இடது கையில் கட்டினாள். வாட்ச் வலது கைக்கு மாறியது.

மறுநாள் காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்குக் குழாயடி வரிசையில் வடிவின் குடம் மட்டும் தனியாக நின்றது; வடிவு வீட்டில் அப்பாவின் இடது கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.