வால் போன மயில்

விண்ணப்பம் என்றால் அது விக்னேஷ் எழுதியதுதான். பன்னிரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கோட்டு போட்ட புகைப்படம். அதன் கீழே ‘வருங்காலக் கணினி மேதை’ என்று அவனே எழுதியிருந்தான். அவன் வகுப்புத் தோழி நிலா எழுதியது அரைப் பக்கம். அதிலும் ஒரு வரி அடித்தல்.

ஜாக்குலின் அக்கா பட்டுச் சேலைக்கு டிசைன் போடும் மென்பொருள் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கிவருகிறார். இலவசம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தலாம். விடுமுறையில் ஒரே ஒரு பிள்ளைக்கு அந்த வேலையைக் கற்றுத்தரப் போகிறார். அந்த ஓர் இடத்துக்காக நிலா பத்து நாளாக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

“விண்ணப்பத்த அப்புறம் படிக்கிறேன். மொதல்ல ஒரு சின்ன வேலை” என்றார் அக்கா. “பட்டன அழுத்துனா சேலைக் கரையில இருக்குற மயில் அந்தப் பக்கம் திரும்பணும். சனிக்கிழமை காட்டுங்க.”

பள்ளிக் கணினியில் நிலா எழுதிய நாலு வரி நிரலுக்கு மயில் சமத்தாகத் திரும்பியது. ஆனால் கட்டம் கட்டமாக வரைந்த அந்த மயிலின் வாலில் கடைசிக் கட்டம் காணோம்!

“டேய், உன் மயிலுக்கும் வால் போச்சா?”

“கம்முனு இரு. நான் பச்ச பூசி மறச்சிட்டேன். ஒரு கட்டத்த யாரு எண்ணிகினு இருக்கப் போறாங்க?” என்றான் விக்னேஷ்.

நிலாவின் கையும் பச்சைக்குப் போனது. அப்பாவின் தறி ஞாபகம் வந்தது. டிசைனில் இல்லாத வால் தறியில் முளைக்காது. சேலை முழுக்க மொட்டை மயில்கள்! கையை எடுத்துவிட்டாள்.

எட்டுக் கட்டம் அகலமுள்ள மயிலைத் திருப்பினாள். வால் இருந்தது. ஒன்பது, போச்சு. பத்து, இருந்தது. பதினொன்று, போச்சு.

‘அகலம் ஒற்றைப்படை என்றால் வால் நுனி போகிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை’ என்று நிரலின் கீழே எழுதிவைத்தாள். ‘தெரியவில்லை’ என்று எழுதும்போதே அந்த இடமும் போய்விட்டதாகத் தோன்றியது.

சனிக்கிழமை. விக்னேஷின் வேலையில் அக்கா ஓர் அன்னத்தை ஏற்றித் திருப்பினார். அன்னத்துக்கு வால் நுனி இல்லை. அவன் பச்சை பூசியது மயிலுக்கு மட்டும்தானே!

நிலாவின் வேலையிலும் அதே கதி.

“அவளுதும் போச்சுக்கா!” என்று துள்ளினான் விக்னேஷ்.

“போகும்னு அவளே எழுதி வச்சிருக்காளே. எப்போ போகும், எப்போ போகாதுன்னும் எழுதியிருக்கா.” அக்கா அந்த வரியை மறுபடி படித்தார். “நம்ம மென்பொருள்ல நுனி ஏன் காணாம போகுதுன்னு மூணு வாரமா மண்டைய ஒடச்சிகினு இருக்கேன். ஒற்றைப்படையில மட்டும்தான்னு எனக்கே தெரியாது, நிலா!”

பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காரு. இந்த லீவுல நாம ரெண்டு பேரும் அந்த வாலத் தேடலாம்.”

நிலா தாவி உட்கார்ந்தாள். “கட்டம் போட்டுப் பாக்க பேப்பர் வேணுமே, அக்கா?”

விக்னேஷ் மேசையில் கிடந்த தன் விண்ணப்பத்தை எடுத்தான். அதிலிருந்து புகைப்படப் பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு, மிச்சத்தை நீட்டினான்.

“இந்தா. பதினோரு பக்கம் இருக்குது. பின்னாடி எல்லாம் காலி.”