யாருக்கும் பாதிப்பில்லை

பிற்பகல் இரண்டு மணிக்கு வீட்டு முன்னறை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை உள்ளே நீண்டது.

டாக்டர் ஞானசந்திரன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் நாடி பார்த்தது அப்படித்தான். ஆரணியில் தறியை விட்டு எழுந்து வருகிறவனுக்கு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார எங்கே நேரம்? தெருவில் நின்றபடியே கையை நீட்டுவான். இவர் நாற்காலியில் இருந்தபடியே மூன்று விரல் வைத்துப் பார்த்து, மருந்துச் சீட்டு எழுதி அந்தக் கையிலேயே திணிப்பார். ஜன்னலின் பச்சைத் திரைக்கு அப்பால் நிற்கும் பாதிப் பேருடைய முகம் அவருக்குத் தெரியாது. கை தெரியும்.

"இங்க பாக்கறது இல்லப்பா," என்றார் நிமிராமலே. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ."

கை போகவில்லை.

அவர் முன்னால் டைப் அடித்த காகிதம் ஒன்று கிடந்தது. போன வருஷம் வரை, அதாவது எழுபத்தேழு வரை, ஊரில் மூன்று நர்சிங் ஹோம்கள் இருந்தன. டாக்டர் பரசுராமன் மற்ற இரண்டையும் வாங்கித் தன்னுடையதோடு இணைத்துக்கொண்டார். அந்த இரண்டில் ஒன்று ஞானசந்திரனுடையது. பத்து வருஷத்துக்கு, பத்து மைல் சுற்றளவில், அவர் யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தம். மூன்று இடத்திலும் சேர்த்து முப்பத்துநாலு கட்டில் இருந்த ஊரில் இப்போது இருபதுதான். மருந்துக் கடைகளும் பரசுராமனின் சீட்டு இல்லாமல் ஓர் ஊசி மருந்து தருவதில்லை. ஊர் வக்கீல் ஒருவர் பொறுக்க முடியாமல், ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் டெல்லியில் இருக்கும் கமிஷனுக்கு எழுதிப் போட்டுவிட்டார். இந்த இணைப்பால் பொதுமக்களுக்குப் பாதிப்பு உண்டா என்று கமிஷன் ஞானசந்திரனைக் கேட்டிருந்தது. அவர் சொல்ல வேண்டிய பதிலைப் பரசுராமனே தயாராக அடித்து அனுப்பியிருந்தார். 'மேற்படி இணைப்பால் யாருக்கும் பாதிப்பில்லை.' கீழே கையெழுத்துக்கு இடம்.

அதைக் கொண்டுவந்த மேனேஜர் பன்னீர்செல்வம் காலையில் நிற்காமல் பேசிவிட்டுப் போனான்.

"அம்மாவ ஸ்பெஷல் ரூம்ல வெச்சி நல்லா பாத்துகினு இருக்கோம் சார். பெரிய டாக்டரே நேர்ல வந்து பாத்தாரு. நீங்க கையெழுத்து போட்டு வைங்க, தபால் கட்டறதுக்குள்ள வந்து வாங்கிக்கறேன். அம்மாவுக்கு வேற ஆஸ்பத்திரி எங்க சார் இருக்குது? வேலூர்தான் போவணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவருடைய மனைவி அனந்தம்மாளுக்கு முந்தாநாள் இரவு நெஞ்சுவலி. இன்னது என்று பார்த்த உடனே தெரிந்தது, ஆனால் வீட்டில் ஒரு மருந்தும் இல்லை. விடிந்ததும் தன் கையாலேயே அவளை ரிக்‌ஷாவில் ஏற்றி அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து கூஜாவில் இருந்து தண்ணீர் குடித்தார். தெருக்கோடியில் பட்டு அவிக்கும் சோப்பு வாடையும், பக்கத்து வீடுகளில் மாறி மாறித் தறி அடிக்கும் சத்தமும், வெயிலில் காய்ந்த ஓட்டின் சூடும் எப்போதும் போலத்தான் வந்துகொண்டிருந்தன. ஆனால் அந்தக் கை இன்னும் அங்கேயே, மணிக்கட்டு மேலே பார்த்தபடி இருந்தது.

"யாருப்பா அது? சொன்னா கேக்க மாட்டியா?"

திரையை விலக்கினார். தெருவின் நீளத்துக்குத் தறிப் பாவு நூல் இழுத்துக் கட்டியிருந்தது. அதன் அடியில் ஒரு நாய் படுத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை.

திரையை விட்டார். கை இருந்தது.

நகக்கண்ணில் அரக்குச் சாயம். ஆள்காட்டி விரலின் நுனி இல்லை.

முள்ளிப்பட்டு சடையன்.

ஆடி மாதத்தில் பாம்பு கடித்து, இதே ஜன்னலுக்குத்தான் வந்தான். ஒப்பந்தத்துக்குப் பயந்து இவர் கதவைத் திறக்கவில்லை. இதே வார்த்தையைத்தான் சொன்னார். அங்கே கட்டில் காலியில்லை என்று வேலூருக்கு அனுப்பினார்கள். கண்ணமங்கலம் தாண்டவில்லை, வழியிலேயே போய்விட்டான்.

ஞானசந்திரன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். இரண்டாவது கை வந்தது. வளைகாப்பு வளையல்கள், ஒன்றுகூடக் கழற்றாமல். தெய்வநாயகி. ஐப்பசியில் பிரசவ வலியோடு இரண்டு மணி நேரம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தவள். பிறகு ஒரு கிழவனின் கை. பிறகு ஒரு சின்னக் கை, எட்டாமல், கம்பியைப் பிடித்துத் தொங்கியது.

தறிச் சத்தம் நின்றது. எல்லா வீட்டிலும், ஒரே நேரத்தில்.

அவருக்கு ஓட வேண்டும் போல இருந்தது. கைகள் எதையும் பிடிக்கவில்லை, எதையும் கேட்கவில்லை. காத்திருந்தன. அவ்வளவுதான். மேஜைமேல் காகிதம். உண்மையை எழுதலாம். பெயர் பெயராக எழுதலாம். எழுதினால் அனந்தம்மாள் அங்கே, அவர்கள் கட்டிலில், அவர்கள் கையில்.

"என்னை மன்னிச்சிடுங்கப்பா," என்றார். "அவ உயிரோட வீட்டுக்கு வரட்டும். எனக்கு வேற யாரு இருக்கா?"

பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார்.

கைகள் அசைந்தன.

பின்வாங்கவில்லை. ஒதுங்கின. சடையனின் கை இடது பக்கம். வளையல் கை வலது பக்கம். சின்னக் கை கம்பியோரம் ஒண்டிக்கொண்டது. பெரிய மனிதர் வீட்டு அம்மா வந்தால் ஜனங்கள் விலகுவார்களே, அப்படி. நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம்.

அந்த இடத்தில் புதுக்கை ஒன்று மெல்ல உள்ளே வந்தது.

வயதான பெண்ணின் கை. புறங்கையில் குளுக்கோஸ் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்திரி. முழங்கைக்குக் கீழே கஞ்சி கொட்டி வெந்த பழைய தழும்பு. கல்யாணமான வருஷத்துத் தழும்பு. அதற்கு மருந்து போட்டவர் அவர்தான்.

"அனந்தம்..."

மணிக்கட்டு திரும்பியது.

ஒப்பந்தம் மறந்தது. மூன்று விரல்களை வைத்தார். தோலில் இன்னும் சூடு இருந்தது. வழக்கம்போல இடது கையைத் தூக்கிக் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தார். விரலை அழுத்தினார். இன்னும் அழுத்தினார்.

முள் ஒரு சுற்று முழுதாகச் சுற்றியது. எண்ணுவதற்கு ஒன்றுகூட வரவில்லை. அவளுடைய விரல்கள் மட்டும் மெதுவாக மடங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டன.